கடந்த முறைக்கு நன்றி

பெர்கன், பிப்ரவரி 4

அன்புள்ள ஸ்வெரே,

கடந்த முறைக்கு நன்றி. கிறிஸ்துமஸுக்கு நீ வேகவைத்துப் போட்ட ஆட்டு விலா எலும்பின் உப்பு இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? படகு இஞ்சின் சத்தத்தில் பாதி போனது போதும், மீதியையாவது காப்பாற்று. அது நன்றாக இருந்திருந்தால் போனில் பேசியே காரியத்தை முடித்திருப்பேன், இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உன் வீட்டுக்காரி போர்கில்லின் முழங்காலுக்கு இந்தக் குளிர் ஆகாது. அவளை மாடிப்படி ஏற விடாதே. நான் சுகம். இங்கே மழை. பெர்கனில் இருந்துகொண்டு இதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் ஆய்வகத்துக்குப் புது ஸ்கேன் இயந்திரம் வந்திருக்கிறது. மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளையில் ஒருவகைக் கழிவுப் புரதம் படிய ஆரம்பித்துவிடும். ஊசியில் ஒரு மருந்தை ஏற்றிப் படம் எடுத்தால் அந்தப் படிவு ஒளிர்ந்து காட்டும். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் திடமான ஆட்கள்தான் கிடைக்கவில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டியும் நினைவு நன்றாக உள்ளவர்கள் வேண்டும். நீ வா.

முடிவை உனக்குச் சொல்ல மாட்டோம். யாருக்குமே சொல்ல மாட்டோம். அந்த விதியை எழுதியவளே நான்தான், மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கினேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நம் அம்மாவிடம் டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று, அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கூடையில் வைத்தாள். கையும் நன்றாகத்தான் இருந்தது, கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதைத் தொடவே இல்லை. நோய் அவளிடமிருந்து பறிப்பதற்கு முன்னாலேயே அந்த ஒரு வார்த்தை பறித்துவிட்டது. மருந்தில்லாத நோய்க்கு முன்கூட்டியே சேதி எதற்கு?

இங்கே எல்லாருக்கும் தங்கள் மூளை மேல் காதல். என்னோடு வேலை செய்யும் ஹோக்கோன் தன் மூளைப் படத்தைக் காபிக் கோப்பையில் அச்சடித்து வைத்திருக்கிறான். மற்றவர்கள் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். நான் மட்டும் இதுவரை என்னுடையதைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. "உங்களுக்கு மூளை இருக்கான்னே எங்களுக்கு சந்தேகமா இருக்கு" என்கிறான் ஹோக்கோன்.

இரட்டையரில் முதலில் பிறந்தவள் கேட்கிறேன், மறுக்காதே.

இங்குன்


ஸ்கோர்பா, பிப்ரவரி 15

அன்புள்ள மூத்தவளே,

கொஞ்ச நேரம் முன்னால் பிறந்துவிட்டு வாழ்நாள் முழுக்க அதிகாரம் பண்ணுகிறாய். வருகிறேன்.

ஆனால் என்னைப் போய்த் திடமான மூளை என்கிறாயே? நான் படகின் சரக்கறைக்குள் விழுந்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது நீ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னதை மறக்கவில்லை. "நடுவுல பாரு, காலி இடம். எனக்கு அப்பவே தெரியும்." டாக்டர் பாவம், அது பிறவியிலேயே சிலருக்கு இருக்கும் சின்ன இடைவெளிதான், ஒரு தீங்கும் இல்லை என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீ சிரித்ததில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

காது அப்படியேதான் இருக்கிறது. போர்கில் முழங்காலை மதிக்காமல் நேற்று கூரையில் ஏறிப் பனி தள்ளினாள். நீயே அவளுக்குச் சொல்லிக்கொள். படகு ஓடுகிறது. தீவுக்குத் தீவு பள்ளிப் பிள்ளைகள், தாதிகள், வாந்தி எடுக்கும் சுற்றுலாக்காரர்கள் என்று தொண்ணூறு பேர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம்.

அந்த ஸ்கேன் குழாய்க்குள் தனியாகப் படுக்க எனக்குப் பயம். நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஸ்வெரே


ஸ்கோர்பா, மார்ச் 20

அன்புள்ள இங்குன்,

கடந்த முறைக்கு நன்றி. முதுகு திறந்த அந்த ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு நாம் இருவரும் உரித்த கோழிகள் மாதிரி நடைபாதையில் உட்கார்ந்திருந்ததைப் போர்கில்லிடம் நடித்துக் காட்டினேன். எனக்கு அடுத்த ஆள் வராமல் போனதும், தயாரித்த மருந்து அன்றைக்கே கெட்டுவிடும் என்று நீ புலம்பியதையும், நான் "அவ்வளவு சுலபம்னா நீயே போய்ப் படேன்"னு சீண்டியதையும், நீ சட்டென்று எழுந்து போனதையும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மீன் சூப்புக்கும் நன்றி. உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது, ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேலை அதிகம் போலிருக்கிறது.

ஸ்வெரே


பெர்கன், ஏப்ரல் 10

அன்புள்ள ஸ்வெரே,

கடந்த முறைக்கு நன்றி. உங்கள் இருவருக்கும் ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்ததா? நான் ஈஸ்டருக்கு வெளியே போகவில்லை. படங்கள் வந்து குவிந்துவிட்டன, வாசிக்க ஆரம்பித்துவிட்டோம். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்தான். பெயர், வயது, ஆணா பெண்ணா, நோயாளியா திடமானவரா, எதுவும் தெரியாது. நான் தனியாக வாசிப்பேன், ஹோக்கோன் தனியாக வாசிப்பான். ஒவ்வொரு கட்டும் முடிந்த பிறகுதான் ஒத்துப் பார்ப்போம். இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள இங்கே ஆள் இல்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த "கடந்த முறைக்கு நன்றி"யை எழுதும்போதெல்லாம் அம்மா ஞாபகம் வருகிறது. வாசலில் கால் வைத்ததும் அதைச் சொல்லாத பிள்ளைக்கு வீட்டில் கேக் கிடையாது. கடைசி நாட்களில் நம்மையே தெரியாதபோதும் கதவைத் திறந்தவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த முறை என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

மே இரண்டாம் தேதி நம் பிறந்த நாளுக்கு நானே அங்கே வருகிறேன்.

இங்குன்


ஸ்கோர்பா, மே 20

அன்புள்ள இங்குன்,

கடந்த முறைக்கு நன்றி. பிறந்த நாளுக்கு நீ வந்ததில் வீடே கலகலத்துவிட்டது. நீலக் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் பதினேழாம் தேதி தேசிய தின ஊர்வலத்தில் கொடி பிடித்தேன்.

நேற்று தபாலில் இன்னொரு நீல ஸ்வெட்டர் வந்தது. பிறந்த நாள் வாழ்த்தும் கூடவே இருந்தது. போர்கில் சொன்னாள்: "ஒண்ணு தண்ணில நனைஞ்சா இன்னொண்ணு வேணும்ல. இங்குன் யோசிச்சுத்தான் அனுப்பியிருப்பா." அதற்கும் நன்றி.

நன்றாகத் தூங்குகிறாயா?

ஸ்வெரே


பெர்கன், ஜூன் 9

அன்புள்ள ஸ்வெரே,

கடந்த முறைக்கு நன்றி. மார்ச் மாதம் நீ இங்கே வந்து போனது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போர்கில் சுகமா?

சில விஷயங்கள் கேட்கிறேன், சிரிக்காமல் பதில் எழுது. பாறைகளுக்கு நடுவே போகும்போது வழி எப்போதாவது குழம்பியிருக்கிறதா? படகுத்துறைகளின் பெயர் நாக்கில் வராமல் நிற்கிறதா? போர்கில் உன்னிடம் ஏதாவது மாற்றம் கவனித்தாளா? பென்ஷனைக் கொஞ்சம் முன்னாலேயே வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா?

காரணம் ஒன்றும் இல்லை. வயதாகிறது, அவ்வளவுதான்.

இங்குன்


ஸ்கோர்பா, ஜூன் 22

அன்புள்ள இங்குன்,

நான் சுகம், போர்கில் சுகம், படகும் சுகம். இது கடிதமா, போலீஸ் விசாரணையா? ஒரு பாறையையும் நான் இடித்ததில்லை. போர்கில்லிடம் கேட்டேன். "மாற்றமா? முப்பது வருஷமா அதுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கேன்" என்கிறாள்.

மே மாதத்தைப் பற்றி நீ ஒரு வரி கூட எழுதவில்லை. சரி, பரவாயில்லை. வீட்டில் சமைக்கிறாயா, ரொட்டியைக் கடித்துக்கொண்டே படம் பார்க்கிறாயா? விடுமுறையில் இங்கே வந்து இரேன்.

ஸ்வெரே


பெர்கன், ஆகஸ்ட் 3

அன்புள்ள ஸ்வெரே,

போன மாதம் முழுக்க உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். விடுமுறைக்கு வராததற்கு மன்னித்துவிடு. போர்கில் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் எழுதிய விதியை நான் மீறப் போவதில்லை. அதனால் நீ ஒன்றும் கேட்காதே. ஒன்றே ஒன்று மட்டும் செய். இலையுதிர் காலம் வருவதற்குள் படகைவிட்டு இறங்கிவிடு. காது கேட்கவில்லை என்று சொல், அது உண்மைதானே. உன் முதுகுக்குப் பின்னால் தொண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீயே எழுதினாய். அதிலிருந்து அந்தத் தொண்ணூறு பேரும் என் அறையில் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறார்கள்.

இங்குன்


ஸ்கோர்பா, ஆகஸ்ட் 11

இங்குன்,

சொல்ல மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிட்டாய். இதற்கு அந்த டாக்டரே தேவலாம். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

உன் கடிதம் வந்ததிலிருந்து சுக்கான் முன்னால் நின்று ஒவ்வொரு பாறையின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். டெக்கில் வேலை செய்கிறவன் வந்து, "கேப்டன், யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டான். "பாறைகிட்ட" என்றேன். நேற்று ஒரு துறையின் பெயர் இரண்டு நொடி வரவில்லை. அது நோயா, உன் கடிதமா? இனிமேல் எனக்கு எப்படித் தெரியும்? போர்கில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள், குழாயைத் திறந்துவிட்டால் எனக்குக் கேட்காது என்ற நினைப்பு.

பாதி சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ளாதே. நானா, இல்லையா?

ஸ்வெரே


பெர்கன், ஆகஸ்ட் 18

அன்புள்ள ஸ்வெரே,

நீதான்.

மே மாதக் கடைசியில் ஒரு படம் வந்தது. முன்பக்கம், பக்கவாட்டு, எங்கும் ஒளிர்ந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. ஹோக்கோனும் தனியாக அதையேதான் எழுதியிருந்தான். எண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியவள், நடுவே இருந்த அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டேன். இன்னும் சில கட்டுகள் பாக்கி, ஆனால் வாசித்து முடித்த படங்களில் வேறு யாருக்கும் அது இல்லை. கூட்டத்தில் உன் முகத்தைக் கண்டுபிடிக்க எனக்கு யார் பெயர் சொல்ல வேண்டும்? ஆராய்கிற எங்கள் யாருடைய படமும் அந்தக் கட்டுகளுக்குள் இல்லை, தொண்டர்களும் நோயாளிகளும் மட்டும்தான். அதனால் தப்பாக இருக்க வழியே இல்லை.

இப்போது தெரியாவிட்டாலும் ஐந்து வருடத்திலோ பத்து வருடத்திலோ தெரியும். ஏற்கெனவே தெரிகிறதோ என்றுதான் அத்தனை கேள்விகள் கேட்டேன். அம்மாவுக்கு டாக்டர் செய்ததையே நான் உனக்குச் செய்துவிட்டேன், அதுவும் அவரைவிடக் கேவலமாக. சொல்லாமல் இருந்து, படகு பாறையில் மோதியிருந்தால் என்ன பண்ணியிருப்பேன் என்று யோசித்துப் பார். சொன்னதையும் என்னால் தாங்க முடியவில்லை. என்மேல் கோபப்படு, ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

பிறந்த நாளுக்கு உனக்கு ஒன்றும் அனுப்பவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. ஒரு நீல ஸ்வெட்டர் பார்த்து வைத்திருக்கிறேன்.

இங்குன்


ஸ்கோர்பா, செப்டம்பர் 6

என் இங்குன்,

உன் கடிதத்தைப் படித்த அன்றே மேலாளரிடம் போய்க் காது சரியில்லை என்று சொல்லிப் படகைவிட்டு இறங்கினேன். ஒரு வாரம் படகுக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன்னைத் திட்டினேன். நீயும் நானும் சின்ன வயதில் பிடித்த மீனுக்கெல்லாம் பெயர் வைத்தோமே, அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் வந்தது.

கடைசி வரியைப் போர்கில்தான் திரும்பப் படித்தாள். "ஸ்வெரே, மூணாவது ஸ்வெட்டர்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து இருவரும் மறுபடி படித்தோம்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் பாதி சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ளாதே என்று உனக்கு எழுதியவன் நான். மார்ச் மாதம் எனக்கு அடுத்ததாக அந்தக் குழாய்க்குள் படுத்தது நீ. வராத ஆளுக்கு வைத்திருந்த மருந்தை உன் கையில்தான் ஏற்றினார்கள். ஹோக்கோன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "அப்ப உங்களையும் கணக்குல சேத்துக்கட்டுமா?" என்று கேட்டான். நீ படுத்தபடியே, "சேத்துக்கோ, ஆள் பத்தலைல்ல" என்றாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இதையும் மார்ச்சிலேயே பாதி எழுதினேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இங்குன், நீ உன் படத்தை இதுவரை பார்த்ததே இல்லை. ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள் நாம். எனக்கு இருக்கும் காலி இடம் உனக்கும் இருக்கலாமே? என் படம் நீ இன்னும் பிரிக்காத கட்டுக்குள் கிடக்கலாமே?

மே மாதம் நீ இங்கே வந்திருந்தாய். ஸ்வெட்டரை உன் கையாலேயே கொடுத்தாய். இரண்டு நாள் இருந்தாய், மூன்று தடவை போர்கில்லிடம் முழங்காலுக்கு எப்போது அடிபட்டது என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி எழுதத் தெரியாதவன்தான், ஆனாலும் உன் விதியைத்தான் நானும் கடைப்பிடித்திருக்கிறேன்.

எனக்கும் இருக்கிறதா இல்லையா, தெரியாது. அதை இப்போது கேட்கவும் தோன்றவில்லை. நீ தனியாகப் போய் அந்த எண்ணைத் திறந்து பார்க்காதே. வியாழக்கிழமை படகில் வருகிறேன், பயணியாக. என்னைப் படுக்க வைத்தபோது நீ பக்கத்தில் இருந்தாய். நீ பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன்.

உன் தம்பி
ஸ்வெரே


பெர்கன், அக்டோபர் 2

அன்புள்ள ஸ்வெரே,

கடந்த முறைக்கு நன்றி. நீ வந்த அந்த வியாழக்கிழமைக்கு என்று எழுதுகிறேன். சரிதானே? தப்பென்றால் தப்பென்று எழுது. இனிமேல் எனக்காகப் பொய் சொல்லக் கூடாது, அது நமக்குள் புது விதி.

போர்கில் முழங்காலைப் பற்றிக் கேட்க வேண்டும். ஏற்கெனவே கேட்டுவிட்டேனா என்று தெரியவில்லை. எத்தனை தடவையானாலும் அவள் பதில் சொல்லத்தான் வேண்டும், நாத்தனார் கேட்கிறேன் என்று சொல்.

இனி நான் படங்களை வாசிப்பதில்லை. படத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கப் போனதையும், உனக்கு எழுதியதையும் ஹோக்கோனிடம் சொன்னேன். அவன் மேலே எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினான். எழுதிவிட்டு வந்து என் அறையில் உட்கார்ந்து அழுதான், நான்தான் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், அந்த மூளைக் கோப்பையிலேயே. ஆய்வை விட்டுப் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மாறிவிட்டேன், அவ்வளவுதான். இனி வருடா வருடம் படுப்பேன், அவர்கள் வாசிக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, ஸ்வெரே. காலையில் கண் விழித்ததும் உன் பெயரையும் என் பெயரையும் சொல்லிப் பார்க்கிறேன். நீ சுக்கான் முன்னால் நின்று சொன்ன மாதிரி. உன்னை அந்த நிலையில் நிறுத்தியது நான் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் நோய் முதலில் எடுத்துக்கொண்டால் தேவலாம்.

விதியைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவைப் பறித்தது அந்த வார்த்தை என்று இத்தனை வருடம் நம்பினேன். டாக்டர் சொல்லிவிட்டு எழுந்து போனார். நீ கடலில் இருந்தாய், நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று அவளிடமிருந்து யாரும் அந்தப் பின்னல் ஊசியை வாங்கி இரண்டு வரிசை போட்டுக் கொடுக்கவில்லை. திரையில் என் மூளை வந்தபோது நீ எட்டிப் பார்த்து, "பார்டா, உனக்கும் காலி" என்றாயே. அந்த நேரத்தில் சிரிப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மாவின் கூடை மாடியில் என்னிடம்தான் இருந்தது. கீழே இறக்கினேன். அவள் ஒரு கையும் உடம்பும் முடித்திருந்தாள், இன்னொரு கை முழங்கையில் நின்றிருந்தது. அதை எடுத்துத் தினமும் கொஞ்சம் பின்னுகிறேன். வரிசை மறந்து போகிறது, அவிழ்த்துப் போட்டு மறுபடி பின்னுகிறேன். இரண்டு கையும் ஒரே நீளம் வராது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குள் முடிந்தால் பார்சலில் வரும்.

வந்தால் போர்கில்லைச் சிரிக்க வேண்டாம் என்று சொல். இந்த ஸ்வெட்டர் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாம் தடவை வராது.

உன் மூத்தவள்
இங்குன்